வல்லூறும் மாப்பிள்ளையும்

டொலறஸ் என்றால் லண்டன் செவன் கிங்ஸில் தமிழ்க்கடை வைத்திருப்பவர்களுக்கு மரியாதை உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு. இல்ஃபோர்டில் பெரிய துணிக்கடை ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் செக்யூரிட்டியாக இருந்தவள் அவள். சீருடை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிற வேலை அல்ல. சாதாரண உடுப்பில், கையில் கூடையோடு, சாமான் வாங்க வந்தவள் போலவே அலைந்து களவெடுக்கிறவர்களைப் பிடிக்கிற வேலை. குட்டையான, கண்ணாடி போட்ட, கழுத்தில் சிலுவைச் சங்கிலி தொங்கும் அந்த அன்ரியை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அவள்தான் எல்லாரையும் சந்தேகப்பட்டாள்.

"ஆளின்ர கண்ணைப் பார்த்தால் போதும். எடுக்கப்போறவனை எடுக்க முதலே எனக்குத் தெரியும்" என்று மாதா கோவிலடியில் சொல்லுவாள். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். அவள் பிடித்துக்கொடுத்த கதைகள் ஊருக்கே தெரியும்.

கணவர் மரியநாயகம் மாரடைப்பில் போனபிறகு அவளுக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. நேரத்தோடு ஓய்வு எடுத்துக்கொண்டாள். மகள் லக்‌ஷிகா தன் குடும்பத்தோடு நோர்பரியில். லண்டனின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு வந்து போக ஒரு நாள் தேவை. ஆகவே அம்மாவும் மகளும் போனில்தான் வாழ்ந்தார்கள்.

டொலறஸ் வீட்டுக்குப் பறவைகள் வந்தது பவளக்கொடியால். இரண்டு வீடு தள்ளி இருந்தவள், மலேசியாக்காரி. ஈப்போவிலிருந்து படிக்க வந்து, கணக்காளராக வேலைபார்த்து, கல்யாணம் கட்டாமலே லண்டனில் தங்கிவிட்டவள். ஈப்போவில் அக்கா படுக்கையில் விழுந்துவிட்டாள் என்று ஒரு வருடம் போன் வந்துகொண்டே இருக்க, கடைசியில் வீட்டை விற்றுவிட்டுப் புறப்பட்டாள். சோபா, கட்டில், பூச்சாடி எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்தது. பின்தோட்டத்துக் கூட்டில் இருந்த மூன்று பறவைகளுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

"கூட்டோட நீங்க வச்சுக்குங்க டொலறஸ். உங்ககிட்ட விட்டாத்தான் நான் நிம்மதியா பிளேன் ஏறுவேன்" என்றாள் பவளக்கொடி.

டொலறஸுக்கு மறுக்க ஏலவில்லை. மரியநாயகம் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் ஃபிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்தவள் அவள்.

அவை கோல்டன் ஃபெசன்ட் என்ற சாதி. சீனத்துக் காட்டுக்கோழி. வெள்ளைக்காரர் வேட்டைக்கு வளர்க்கிற கோழியின் ஒன்றுவிட்ட சொந்தம் என்றாலும், இதை யாரும் சுடுவதில்லை. அழகுக்காக மட்டும் வளர்ப்பது. ஒரு சேவல், இரண்டு பெட்டைகள்.

அந்தச் சேவலைப் பார்த்தவர்கள் பார்த்தபடியே நிற்பார்கள். பொன்நூலைச் சீவிவிட்டதுபோலக் கொண்டை. கழுத்தைச் சுற்றிச் செம்மஞ்சள் சால்வை, அதிலே கறுப்புக் கரை. நெஞ்சு முழுக்கக் குங்குமச் சிவப்பு. உடம்பை விட இரண்டு மடங்கு நீளத்துக்குப் புள்ளி போட்ட வால். டொலறஸ் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். பெட்டைகளோ தவிட்டு நிறம். மண்ணில் நின்றால் மண்ணாகவே தெரியும். அவை பெரியவள், சின்னவள்.

காலையில் தேத்தண்ணீரோடு கூட்டடியில் கதிரை போட்டு உட்காருவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. தானியம் போடுவாள், கீரை கிள்ளிப்போடுவாள், அப்பிளைச் சிறிதாக வெட்டிக் கம்பியில் குத்திவிடுவாள். மரியநாயகம் போனபிறகு மனம்விட்டுப் பேசியது அந்தக் கதிரையில் இருந்துதான். கோவிலில் இருந்து ஆட்கள் வந்தால் முதலில் மாப்பிள்ளையிடம்தான் கூட்டிப்போவாள். அவனும் ஆட்களைக் கண்டால் வாலை ஒருமுறை சுழற்றிவிட்டு நடப்பான்.

வசந்தம் வர அவன் ஆட்டம் தொடங்கியது. பெட்டையின் பக்கத்தில் சாய்ந்து சாய்ந்து ஓடுவான். சால்வையை விசிறிபோல விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் வெளியே வைத்து, பாம்பு மாதிரிச் சீறுவான். பெட்டை ஒதுங்கினால் மற்றப் பக்கம் ஓடிப்போய் மறிப்பான். டொலறஸ் அதைப் போனில் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினாள். "உன்ர கொப்பர் கூட என்னை இப்படிச் சுத்தினதில்லை" என்று கீழே எழுதினாள்.

வல்லூறு வந்தது அதற்குச் சில வாரம் முன்பு. ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து குசினி யன்னலால் பார்த்தவள் புல்தரையில் சாம்பல் இறகுகள் பறப்பதைக் கண்டாள். நடுவில் ஒரு பறவை நின்றது. மண்ணிற முதுகு, கோடுகோடாக நெஞ்சு, குச்சி போல மஞ்சள் கால். அந்தக் கால்களுக்கு அடியில் ஒரு புறா மல்லாந்து கிடந்தது. வல்லூறு குனிந்து அதன் நெஞ்சு இறகைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தது. பிறகு சதையைக் கிழித்தது. அப்போதுதான் டொலறஸ் கண்டாள், புறாவின் கண் திறந்திருந்தது. அதன் செட்டை அசைந்தது. உயிரோடு வைத்துத் தின்கிறது.

அவள் யன்னல் கண்ணாடியில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். வல்லூறு நிமிர்ந்து பார்த்தது. பயப்படவுமில்லை, பறக்கவுமில்லை. மஞ்சள் கண்ணால் அவளை ஒருமுறை அளந்துவிட்டுத் திரும்பவும் குனிந்தது. டொலறஸ் திரையை இழுத்து மூடினாள். அன்றைக்குச் சமைக்கவில்லை.

"அந்தப் பிராந்துக்குக் கொலைகாரக் கண்" என்று மகளுக்குச் சொன்னாள். "கடையில எத்தினை பேரைப் பார்த்திருக்கிறன். இப்படி ஒரு கண்ணைக் கண்டதில்லை."

"அது பசிக்குச் சாப்பிடுது அம்மா. நீங்கள் இறைச்சி சாப்பிடுறேல்லையே?"

"நான் உயிரோட வைச்சுத் தின்னுறேல்லை."

பெரியவளின் பின்கழுத்தில் இறகு குறைந்திருந்ததை அவள் கவனிக்காமல் இல்லை. காலம் மாறுகிறது, உதிருது என்று நினைத்தாள். சின்னவள் கூட்டின் மூலையை விட்டு அசையாமல் இருந்ததையும் கண்டாள். வல்லூறைக் கண்ட பயம் என்று தீர்மானித்தாள்.

ஏப்ரலில் ஒரு காலை திரையை விலக்கியபோது கூட்டுக்கு மேல் வல்லூறு குந்தியிருந்தது. அவள் செருப்பும் போடாமல் ஓடினாள். அது பறந்துவிட்டது. கூட்டுக்குள், மூலையில் தலையைப் புகுத்தியபடி பெரியவள் கிடந்தாள். பின்தலையில் தோல் இல்லை. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. சுற்றிலும் தவிட்டு இறகு. கூட்டின் மேல் விளிம்பில், பலகை உக்கி மக்கிய இடத்தில், ஒரு கை போகிற அளவுக்குக் கம்பிவலை பெயர்ந்திருந்தது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? மாப்பிள்ளை தட்டில் இருந்து தானியம் கொத்திக்கொண்டிருந்தான்.

"பாவம், உன்ர பெட்டையைக் கொன்று போட்டுதடா" என்று அவனிடம் சொல்லி அழுதாள்.

அப்பிள் மரத்தடியில் குழி வெட்டிப் பெரியவளைப் புதைத்தாள். லக்‌ஷிகா போனில் கேட்டாள். "சாப்பிடேல்லையா?"

"என்ன?"

"பிராந்து கொன்றதெண்டால் சாப்பிட்டிருக்குமே அம்மா. ஒண்டும் சாப்பிடாமல் விட்டிட்டா போனது?"

"நான் ஓடி வந்தனான், அதால போட்டிட்டுப் போட்டுது" என்றாள் டொலறஸ். மகளின் கேள்வியில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஆளைக் கண்ணால் கண்டபிறகு இன்னும் என்ன விசாரணை?

உக்கிய பலகையை மாற்றினாள். தோட்டச் சாமான் கடையில் ஸ்ட்ரோபெரிச் செடிக்குப் போடுகிற பச்சை வலையை வாங்கிவந்து கூட்டின் மேலே போட்டாள். இறுக்கிக் கட்டவில்லை. தொங்கத் தொங்க விட்டாள். காப்புக்குத்தான் என்று பக்கத்து வீட்டாருக்குச் சொன்னாள். அகப்படட்டும் என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம் இருந்ததை அவள் தனக்கே ஒப்புக்கொள்ளவில்லை.

அகப்பட்டது. இரண்டு மூன்று நாளில் ஒரு முற்பகல், வலை அதிர்கிற சத்தம் கேட்டுப் போனபோது, வல்லூறு தலைகீழாகத் தொங்கியது. ஒரு செட்டை வலைக்குள், ஒரு கால் வலைக்கு வெளியே. குருவியைத் துரத்தி வந்திருக்க வேண்டும். டொலறஸ் குளியல் துவாயைக் கொண்டுவந்து அதன்மேல் போட்டு, கத்தரிக்கோலால் வலையை வெட்டினாள். துவாய்க்குள் அது பாரமே இல்லாமல் இருந்தது அவளுக்கு ஆச்சரியம். ஒரு றாத்தல் பாண் ரொட்டியின் பாரம் கூட இல்லை. ஆனால் அதன் இதயம் அவள் கையில் இடி இடித்தது. குசினிக்குள் கொண்டுபோய், அழுக்குத் துணி போடுகிற மூடி வைத்த கூடைக்குள் விட்டு, மூடிக்கு மேல் அரிசிப் பொதியைத் தூக்கி வைத்தாள்.

கூடையின் இடுக்கு வழியாக அந்த மஞ்சள் கண் தெரிந்தது.

இனி என்ன செய்வது என்று அவள் யோசித்திருக்கவில்லை. மண்வெட்டி பின்கதவடியில்தான் சாத்தி வைத்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு பார்க்காமல் விட்டாள். மகளுக்குப் போன் எடுத்தாள்.

"பிடிச்சிட்டன்."

"என்னத்தை?"

"பிராந்தை. கூடைக்குள்ள கிடக்குது."

"அம்மா, இந்த நாட்டில அதைப் பிடிக்கிறது குற்றம். சட்டப்படி குற்றம். உங்களுக்கு என்ன பிடிச்சது?"

"அது என்ர கூட்டுக்குள்ள கொலை செய்தது."

"அம்மா, சொல்லுறதைக் கேளுங்கோ. குட்மேய்ஸில மிருக வைத்தியரிட்ட வேலை செய்யிற ஜெஸ்ரின், உங்கட கோவில்தானே? அவளைக் கூப்பிடுங்கோ. நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ. கூடையைத் திறக்க வேண்டாம், எங்கயும் கொண்டு போகவும் வேண்டாம்."

டொலறஸ் பதில் சொல்ல வாயெடுத்தபோது தோட்டத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. அவள் அதுவரை கேட்டிராத குரல். கோழி கொக்கரிப்பது போல இல்லை. குழந்தை வீரிடுவது போல இருந்தது.

அவள் கூடையைப் பார்த்தாள். அரிசிப் பொதி மூடியின் மேல் இருந்தது. கண் உள்ளே இருந்தது.

போனைக் கையிலே பிடித்தபடி ஓடினாள்.

மாப்பிள்ளை சின்னவளின் முதுகில் ஏறி நின்றான். கூட்டின் மூலையில் அவளை நசுக்கி வைத்துக்கொண்டு, பின்தலைத் தோலை அலகால் கவ்வி, உலுப்பி உலுப்பி இழுத்தான். பொன் கொண்டை முன்னும் பின்னும் ஆடியது. அதன் நுனியில் இரத்தம். பெட்டை சுவருக்குள் புகுந்துவிடப் பார்ப்பதுபோலப் பலகையில் தலையை முட்டிக்கொண்டே இருந்தது. ஓட இடமில்லை. ஒளிக்க இடமில்லை. சரியாக அதே மூலை.

டொலறஸ் கூட்டுக் கம்பியைப் பிடித்தாள். கண் பார்த்ததை மனம் வாங்கவில்லை. "டேய்" என்றாள். கம்பியை உலுப்பினாள். "டேய், விடடா."

லக்‌ஷிகா போனுக்குள் அம்மா, அம்மா என்று கூப்பிடுவது எங்கேயோ தூரத்தில் கேட்டது.

பிறகு கூட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனாள். குனிந்து இரண்டு கையாலும் அவனைத் தள்ளினாள். அவன் விழுந்து, எழுந்து, ஓடவில்லை. அவளை நோக்கித் திரும்பினான். சால்வையை விரித்தான். அவள் படம் பிடித்து அனுப்பிய அதே விசிறி, அதே சீறல். துள்ளி வந்து காலில் உதைத்தான். முள் போன்ற குதி காற்சட்டையைக் கிழித்துக்கொண்டு கெண்டைக்காலில் இறங்கியது. மறுபடியும் துள்ளினான். முழங்கையில் ஒரு கீறல். அவள் சின்னவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்து கதவைச் சாத்தினாள். அவன் கம்பிக்கு உள்ளே நின்று அவளைப் பார்த்தான். சால்வைக்கு மேலே ஒற்றைக் கண். அதுவும் மஞ்சள்தான். இத்தனை மாதம் அந்தக் கண்ணுக்கு எதிரே உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்திருக்கிறாள். நிறம் கூடக் கவனித்ததில்லை.

ஜெஸ்ரின் வந்தபோது டொலறஸ் குசினி நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் கூடை. மடியில் துவாயில் சுற்றிய பெட்டை. காலில் இருந்து வழிந்த இரத்தம் சொக்ஸில் காய்ந்திருந்தது. அதை அவள் துடைக்கவில்லை.

"அன்ரி, உங்களுக்குத்தான் முதல்ல மருந்து போடவேணும்" என்றாள் ஜெஸ்ரின். லண்டனில் பிறந்தவள், தமிழை யோசித்து யோசித்துப் பேசுவாள்.

"எனக்கு ஒண்டுமில்லை. இவளைப் பார் பிள்ளை."

ஜெஸ்ரின் பெட்டையின் தலையைக் கழுவி, களிம்பு பூசி, தைக்கிற அளவுக்கு இல்லை என்றாள். பிழைக்கும். பிறகு தடித்த கையுறை போட்டு வல்லூறை வெளியே எடுத்தாள். செட்டையை விரித்துப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள். முறிவு இல்லை.

"இவன் பொம்பிளைப் பிள்ளை" என்று சொல்லிவிட்டு, தன் தமிழைத் தானே திருத்தினாள். "இவள். ஸ்பரோஹோக். முட்டை வைச்சிருப்பாளோ தெரியாது. கெதியா விடவேணும்."

"பெரியவளையும் மாப்பிள்ளைதானே கொன்றது?" என்று டொலறஸ் கேட்டாள். அதைக் கேட்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

டொலறஸ் நடந்த எல்லாவற்றையும் சொல்ல, ஜெஸ்ரின் தோட்டத்துக்குப் போய்க் கூட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். "ஓம் அன்ரி. அவன்தான். இது கனக்க நடக்கிறது. ஸ்பிரிங்கில சேவலுக்கு விசர் மாதிரி வரும். ஒரு சேவலுக்கு நாலு அஞ்சு பெட்டை வேணும், ஒளிக்கப் பத்தை, செடி வேணும். சின்னக் கூடு, ரெண்டு பெட்டை எண்டால் அவையளுக்கு ஓட இடமில்லை. தலையில கொத்திக் கொத்தியே முடிச்சிடுவான்."

"பசிக்கா?"

"இல்லை அன்ரி. பசிக்கில்லை."

"அப்ப எதுக்கு?"

ஜெஸ்ரின் தோளைக் குலுக்கினாள். "இவள் ஒரு நாளைக்கு ஒரு குருவி, ரெண்டு குருவி. வயிறு நிரம்பினால் சும்மா இருப்பாள்" என்று கையில் இருந்த வல்லூறைக் காட்டினாள். "கூட்டுக்கு மேல வந்து இருந்தது, உங்கட தானியத்துக்கு வாற குருவிகளைப் பார்க்க. பலகை உக்கின ஓட்டையால உள்ளுக்குப் போயிருந்தால் வெளிய வர ஏலாமல் அகப்பட்டிருப்பாள், கொன்றிருந்தால் தின்னாமலும் விடாள்."

டொலறஸ் தோட்டத்துப் படியில் நின்று பார்க்க, ஜெஸ்ரின் கைகளைத் திறந்தாள். வல்லூறு விழுவது போலத் தாழ்ந்து, வேலிக்கு மேலால் எழும்பி, ரயில் பாதைப் பக்கம் மறைந்துவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு அவளிடம் கோபமும் இல்லை, கணக்கும் இல்லை. டொலறஸுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. யாரிடம் கேட்பது?

ஜெஸ்ரின் போனபிறகு ஈப்போவுக்குப் போன் எடுத்தாள். அங்கே இரவாகிவிட்டது. பவளக்கொடி அக்காவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள், வீடியோவில் கரண்டி தெரிந்தது. டொலறஸ் நடந்ததைச் சொன்னாள். பவளக்கொடியின் கை பாதியில் நின்றது.

"என்ன சொல்றீங்க? அவனா?"

"என்ர கண்ணால கண்டன்."

பவளக்கொடி கரண்டியைக் கீழே வைத்தாள். "முதல்ல நான் வாங்குறப்ப நாலு பெட்டை இருந்துச்சு டொலறஸ்."

"நாலா? எனக்கு ரெண்டுதானே தந்தீங்கள்?"

"ஒண்ணு போன வருஷம். இன்னொண்ணு அதுக்கு முந்தின வருஷம். தலையிலதான். ரெண்டுக்கும் தலையிலதான்." அவள் அக்காவின் வாயைத் துடைத்தாள். "நான் நரின்னு நினைச்சேன். ஷெட்டுக்கு அடியில ஒரு நரி குட்டி போட்டிருந்துச்சு. ஒரு ஆளை வரவழைச்சேன் லா. அவன் அதைச் சுட்டுட்டுப் போயிட்டான்."

"குட்டிகள்?"

பவளக்கொடி கரண்டியைத் திரும்ப எடுத்தாள், ஊட்டவில்லை. படுக்கையில் இருந்த அக்கா, இந்தப் பேச்சு எதுவும் புரியாமல், அடுத்த வாய்க்காக வாயைத் திறந்துகொண்டே இருந்தாள்.

அந்தக் கிழமை முழுக்க டொலறஸ் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. பறவையைப் பற்றியே நினைத்தாள் என்றில்லை. கடையில் அவள் பின்னாலேயே போன ஆட்களின் முகங்கள் வந்தன. தொப்பி போட்ட பெடியன்கள், அழுக்குக் கோட் போட்ட மனிசர்கள், வாயைத் திறந்தாலே சண்டை பிடிக்கிற மாதிரிப் பேசுகிற பெண்கள். அவர்களில் எத்தனையோ பேரின் பையைத் திறக்கச் சொல்லி, ஒன்றும் இல்லாமல், "சொறி" என்று மன்னிப்புக் கேட்டு அனுப்பியிருக்கிறாள். அந்தக் கதைகளை அவள் கோவிலடியில் சொன்னதில்லை. பிடித்த கதைகளை மட்டும்தான் சொன்னாள். வாசனை பூசி, மடிப்புக் குலையாமல் உடுத்தி, "குட் மோர்னிங்" சொல்லிக் கடந்துபோனவர்களை அவள் ஒருநாளும் பின்தொடரவில்லை. அவர்கள் என்ன எடுத்தார்களோ, எவ்வளவு எடுத்தார்களோ, யாருக்குத் தெரியும்?

சனிக்கிழமை லக்‌ஷிகா வந்தாள். அம்மாவின் காலில் கட்டைப் பார்த்துவிட்டு, "இந்தச் சனியனை ஆருக்காவது குடுத்துவிடுங்கோ" என்றாள்.

"ஆருக்குக் குடுக்கிறது? பெட்டை வைச்சிருக்கிறவைக்கே? இல்லை, இஞ்சயே நிக்கட்டும். தனிய நிக்கட்டும்."

அவனைக் கொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை, வெறுக்கவும் முழுதாக முடியவில்லை. அவன் அப்படித்தான் பிறந்தவன். ஓட இடமில்லாத கூட்டில் பெட்டைகளை அவனோடு அடைத்து வைத்தது மனிதர்கள். அதில் அவளும் ஒருத்தி. அதை மகளிடம் சொன்னபோது லக்‌ஷிகா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டை மாப்பிள்ளைக்கே விட்டார்கள். சின்னவளுக்குத் தோட்டத்தின் மறுகரையில் புதிதாக ஒரு கூடு அடித்து, உள்ளே இரண்டு பத்தைச் செடி நட்டார்கள். முதல் ஒரு மாதம் அவள் அந்தப் பத்தையை விட்டு வெளியே வரவே இல்லை. தானியத்தை உள்ளே தள்ளிவிட வேண்டியிருந்தது. பிறகு, தலையில் தோல் வளர்ந்து, மெல்லிய இறகு முளைக்கத் தொடங்கியபோது, வெயில் காய வெளியே வந்தாள். டொலறஸ் கதிரையை அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டாள்.

வல்லூறு இடைக்கிடை வரும். வேலியில் இருக்கும், குருவி பிடிக்கும், போய்விடும். டொலறஸ் இன்னமும் அது தின்பதைப் பார்ப்பதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் யன்னலில் அடிப்பதில்லை.

கோவில் ஆட்கள் இப்போதும் மாப்பிள்ளையைப் பார்க்க வருகிறார்கள். அவன் வாலைச் சுழற்றி நடக்கிறான். போனமாதம் வந்த ஒரு பெண், போனை எடுத்துப் படம் பிடித்தபடி, "கடவுள் எவ்வளவு மினக்கெட்டுச் செய்திருக்கிறார், என்ன அக்கா? தடவிப் பார்க்கலாமோ?" என்று கம்பிக்குள் விரலை நீட்டினாள்.

டொலறஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக வெளியே இழுத்தாள்.

"வடிவுதான்" என்றாள். "கையை மட்டும் உள்ளுக்க விடாதேங்கோ."